பள்ளத்துக்கு அடியில் மின்னக்கூடாது
(பானட்டைத் திறந்தால் – 14)

டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர் மாட்டிய கதை போன வாரத்தோடு முடிந்தது. தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு மறுபடி சொல்ல வேண்டியதில்லை. மாட்டி முடித்த கையோடு பல அம்பாஸடர்களில் கிளம்பும் அந்தக் கிரீச்சுச் சத்தத்தை இந்த வாரம் எடுத்துக்கொள்வோம்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் கத்தும். ஹெட்லைட் போட்டதும் கத்தும். மழைத் தண்ணீரில் இறங்கி ஏறினால் இன்னும் பலமாகக் கத்தும். சத்தம் ஃபேன் பெல்ட்டிலிருந்துதான் வருகிறது என்று சின்னப் பையனும் சொல்லிவிடுவான். ஏன் அந்தந்த நேரத்தில் மட்டும்? ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி இழந்த சார்ஜை ஆல்டர்னேட்டர் உடனே திருப்பித் தரப் பார்க்கிறது. அந்த நேரத்தில் அதைச் சுற்றுவது கடினம். பழைய லூகாஸ் சி40 டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர் கொடுக்கும். அதன் இடத்தில் 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் உட்கார்ந்தால் முழு லோடில் 600 வாட் வெளியே வரும். உள்ளே ஆகும் சேதாரத்தையும் சேர்த்தால் ஒரு குதிரைத் திறனுக்கு மேலேயே பெல்ட் இழுக்க வேண்டும். வேலை இரண்டு மடங்கு ஆகிவிட்டது, பெல்ட் என்னவோ அதே ஒற்றைப் பெல்ட்தான்.

கிராங்க் புல்லி, வாட்டர் பம்ப் புல்லி, ஆல்டர்னேட்டர் புல்லி என்று மூன்றையும் முக்கோணமாகச் சுற்றி வருகிறது பெல்ட். மூன்றில் சிறியது ஆல்டர்னேட்டர் புல்லி. பெல்ட் அதைத் தழுவும் தூரமும் குறைவு. வழுக்கல் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும். ரப்பர் இரும்பைப் பிடிக்கும், இழுபடும், விடும், மறுபடி பிடிக்கும். ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான முறை இது நடப்பதைத்தான் நாம் கிரீச்சென்று கேட்கிறோம்.

புல்லிகள் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று பார்க்கும் விதத்தை இந்த வாரம் சொல்வதாகத்தான் திட்டம். ஆனால் வி-பெல்ட்டின் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது வந்த விடையைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

தட்டையான பெல்ட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிடிமானம் இரண்டே விஷயங்களில் அடங்கியிருக்கிறது: உரசல் எவ்வளவு, புல்லியை எவ்வளவு தூரம் சுற்றியிருக்கிறது. பெல்ட்டின் அகலமும் புல்லியின் பருமனும் கணக்கில் வரவே வராது. 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லரும், பின்னர் 1808-இல் ஐடெல்வைனும் எழுதிவைத்த கணக்கு இது. துறைமுகத்தில் கப்பல் கயிற்றை இரும்புக் கட்டையில் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு ஒற்றை ஆள் பிடித்து நிற்கிறாரே, அதுவும் இதே கணக்குத்தான். உரசல் கெழு 0.3 என்றும் பெல்ட் பாதிச் சுற்று தழுவுகிறது என்றும் வைத்துக்கொண்டால், இறுக்கமான பக்கம் தளர்ந்த பக்கத்தைப்போல 2.57 மடங்கு வரை இழுக்கலாம். அதைத் தாண்டினால் வழுக்கும்.

இப்போது அதே ரப்பரை ஏறக்குறைய 40 டிகிரி ஆப்பாகச் செதுக்கிப் பள்ளமுள்ள புல்லியில் போடுங்கள். பெல்ட் பள்ளத்துக்குள் ஆப்புபோல் இறங்கி இரண்டு பக்கச் சுவர்களையும் நெருக்குகிறது. உரசல் சுமார் மூன்று மடங்கு ஆகிவிடுகிறது. அப்படியானால் பிடிமானமும் மூன்று மடங்குதானே என்று நினைப்போம். இல்லை. உரசல் அந்தக் கணக்கில் அடுக்காக உட்கார்ந்திருக்கிறது. எனவே 2.57-ஐ மூன்றால் பெருக்கக்கூடாது, மூன்று 2.57-களை ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 17! அதே ரப்பர், அதே இரும்பு. 2.57-ஐ 17 ஆக்கியது அந்தச் சரிவு மட்டும்தான். அமெரிக்காவின் டென்வரில் ஜான் கேட்ஸ் 1917-இல் ரப்பரையும் நூலையும் சேர்த்து வி-பெல்ட் செய்தார். நூறு ஆண்டுகள் தாண்டியும் மதுரை கோச்சடையின் ஃபென்னர் பெயர் போட்ட பெல்ட்டைக் கடையில் கேட்டு வாங்குகிறோம். அந்தச் சரிவுக்குக் கொடுக்கும் விலை அது.

பழைய அரிசி ஆலைகளைப் பார்த்தவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரிந்திருக்கும். அங்கே ஓடியது தட்டைப் பெல்ட். மோட்டாருக்கும் ஹல்லருக்கும் நடுவில் பல அடி நீளத்துக்கு, சில ஆலைகளில் எட்டு வடிவத்தில் முறுக்கி மாட்டியிருப்பார்கள். முறுக்கினால் சுழலும் திசை மாறும் என்பது ஒரு காரணம். இரண்டு புல்லிகளையும் பெல்ட் பாதிச் சுற்றுக்கு மேல் தழுவிக்கொள்ளும் என்பது இன்னொன்று. தழுவும் தூரத்தைக் கூட்டிப் பிடிமானம் வாங்கினார்கள். ஐடெல்வைன் பெயரைக் கேட்டிராத ஆலைக்காரர்கள் அவர் கணக்கைப் பெல்ட்டில் போட்டுக் காட்டினார்கள்.

ஆனால் அந்த 17 நமக்குக் கிடைக்க ஒரு நிபந்தனை உண்டு. பெல்ட் பக்கச் சுவர்களில் தொங்க வேண்டும். அடியில் இடைவெளி இருக்க வேண்டும். அடி தொட்டுவிட்டால் ஆப்பு வேலை செய்யாது. பெல்ட் தட்டைப் பெல்ட்டாகி, பிடிமானம் 2.57-ஐ நோக்கிச் சரியும். அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் கத்தத்தான் செய்யும்.

மதுரை ஒத்தக்கடைப் பக்கம் ஒரு பட்டறையில் இதைக் கண்ணாலேயே பார்த்தேன். மார்க் 4 அம்பாஸடர். புதுப் பெல்ட் போட்டும் சத்தம் நிற்கவில்லை என்று வண்டிக்காரர் நொந்துபோயிருந்தார்.

“புது பெல்ட்டுண்ணே. இன்னும் எவ்வளவுதான் டைட் வைக்கிறது?”

வயதான மெக்கானிக் பதில் சொல்லாமல் பெல்ட்டைக் கழற்றினார். துணியால் புல்லியைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்தார்.

“இங்க பாருங்க தம்பி. பள்ளத்துக்கு அடியில மின்னுதா? அங்க மின்னக்கூடாது. ரெண்டு பக்கமும்தான் மின்னணும். அடி கறுப்பா, அழுக்கோட கெடக்கணும்.”

13 மி.மீ. பெல்ட் ஓட வேண்டிய பள்ளத்தில் 10 மி.மீ. பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. நீளம் சரியாக இருந்ததால் யாரும் அகலத்தைப் பார்க்கவில்லை. சரியான பெல்ட்டைப் போட்டதும் அதன் முதுகு புல்லி விளிம்புக்குச் சமமாக வந்து நின்றது. விளிம்புக்கு அரை நூல் மேலே நின்றாலும் தவறில்லை, ஒரு நூல் கீழே இறங்கினால் சந்தேகப்பட வேண்டும். இத்தனை ஆண்டு ஓடிய புல்லியில் சுவரே தேய்ந்து குழிந்திருக்கலாம். அப்படியானால் எந்தப் புதுப் பெல்ட்டும் உள்ளே இறங்கும். மாற்ற வேண்டியது புல்லிதான்.

புல்லி சரியாக இருந்தால் பெல்ட்டின் பக்கங்களைப் பாருங்கள். கண்ணாடிபோல் பாலிஷ் ஏறியிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. வழுக்கலில் சூடேறி, இறுகி, அதனாலேயே மேலும் வழுக்கும் பெல்ட் அது. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதில் பயன் இல்லை. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கிராங்க் முன்பக்க சீல் கசிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சீலை விட்டுவிட்டுப் பெல்ட்டை மட்டும் மாற்றினால் புதியதும் ஊறிப்போகும்.

சோப்புக் கட்டியைப் பெல்ட்டில் காட்டும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சத்தம் நிற்கும், வழுக்கல் நிற்காது. சத்தமில்லாமல் வழுக்கும் பெல்ட்தான் பேட்டரியைக் காலி செய்யும். அம்பாஸடரில் தண்ணீரைச் சுற்றவிடும் பம்பும் ரேடியேட்டர் ஃபேனும் அதே பெல்ட்டில்தான் ஓடுகின்றன. எஞ்சின் சூடேறிய பிறகுதான் விஷயமே தெரியவரும். கத்தல் ஓர் எச்சரிக்கை. அதன் வாயை அடைப்பது வைத்தியம் ஆகாது.

இறுக்கும் முறை எளிது. ஆல்டர்னேட்டரின் கீழ் போல்ட்டுகளையும், நீளத் துளைப் பட்டையில் உள்ள போல்ட்டையும் தளர்த்துங்கள். மரக்கட்டையால் ஆல்டர்னேட்டரை வெளிப்பக்கம் நெம்புங்கள். நெம்புகோல் புல்லிப் பக்கத்து முன்மூடியில் பட வேண்டும், பின்பக்க அலுமினிய மூடியில் பட்டால் விரிசல் விடும். பிறகு பட்டை போல்ட்டை முதலில் முடுக்குங்கள். மிக நீளமான ஓட்டத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம், அதாவது நாலு நூல், இறங்க வேண்டும். அதைவிடக் கம்பியாக இறுக்கினால் வாட்டர் பம்ப் பேரிங் தேயும். புதுப் பெல்ட் சற்று நீளும். ஓட்டிவிட்டு வந்து மறுபடி அழுத்திப் பாருங்கள். மாட்டும்போது ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிப் புல்லி மேல் ஏற்றவே கூடாது. உள்ளே இருக்கும் நூல் அறுந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது.

இத்தனையும் செய்த பிறகும் சத்தம் இருந்தால் ஒரு சோதனை உண்டு. வேட்டி, துப்பட்டா எதுவும் தொங்காமல் பார்த்துக்கொண்டு, எஞ்சின் ஐடிலில் ஓடும்போது பெல்ட்டின் உள்பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் கூடினால் பெல்ட் இன்னும் வழுக்குகிறது. சத்தம் சட்டென்று அடங்கி, ஈரம் காய்ந்ததும் குருவி கத்துவதுபோல் விட்டுவிட்டுத் திரும்பினால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை. ஆல்டர்னேட்டர் மாற்றிய வண்டிகளில் இது சகஜம், பிராக்கெட்டில் ஒரு வாஷர் கூடினாலோ குறைந்தாலோ போதும். ஒரு நூலும் நேரான சட்டமும் வைத்து அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் இந்த வாரம் இடம் கேட்டிருந்தேன். அடுத்த வாரம் அதிலிருந்தே தொடங்குவோம். அதற்குள் டார்ச்சை எடுத்துக்கொண்டு உங்கள் வண்டியின் மூன்று பள்ளங்களையும் பார்த்து வையுங்கள்.

(தொடரும்)