சீன மொழியாளர் ஆங்கிலம் பயிலும் நெறி

பிறமொழி பயிலும் மாணாக்கர் பிழைபட எழுதுமிடத்து, அதனைக் கவனக்குறைவு என்றோ அறியாமை என்றோ கொண்டு, செம்மையால் கோடிட்டுச் செல்லுதல் ஆசிரியர் பலர்க்கும் இயல்பாகிவிட்டது. கோடிட்ட அளவிலே தம் கடன் முடிந்ததென அவர் எண்ணுவர். மாணாக்கரோ அடுத்த ஏட்டிலும் அதே பிழையைச் செய்வர். சீன மொழியைத் தாய்மொழியாகக் கொண்டார் ஆங்கிலத்தில் எழுதுவனவற்றைத் தொகுத்து நோக்கின், அவர்தம் பிழைகள் பலவும் ஓர் ஒழுங்கிற்கு உட்பட்டு வருதல் புலனாகும். ஒழுங்குபட வருவது கவனக்குறைவின் பயன் ஆகாது. தாய்மொழியின் இலக்கணம் பிறமொழியின்கண் நின்று செயற்படுவதன் பயனே அது. அவ்விலக்கணத்தை அறிந்தாலன்றி, இலக்கணப் பயிற்சி, சொற்பயிற்சி, படிப்புப் பயிற்சி ஆகிய மூன்றனுள் எதனையும் பயனுற வகுத்தல் அரிது. இக்கருத்தை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். சீனம் என இங்குக் குறிக்கப்பெறுவது பெய்ஜிங் வழக்கை அடிப்படையாகக் கொண்ட பொதுச்சீனமாகும்.

சீன அரசு மொழிபெயர்ப்பாளரைப் பயிற்றும் பொருட்டு 1862 ஆம் ஆண்டில் பெய்ஜிங் நகரில் துங்வென் குவான் என்னும் கல்விநிலையத்தை நிறுவியது. ஆங்கிலம் அங்குக் கற்பிக்கப்பெற்றது. அன்று ஒரு சிலர்க்கே உரியதாயிருந்த அக்கல்வி, இன்று அந்நாட்டுப் பள்ளிமாணவர் கோடிக்கணக்கானோர்க்கு உரியதாகிவிட்டது. 1977 ஆம் ஆண்டில் மீண்டும் தொடங்கப்பெற்ற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் சீனமும் கணக்கும் போல அயல்மொழியும் முதன்மைப் பாடமாக விளங்குகின்றது. பெரும்பாலார் அயல்மொழியாகக் கொள்வது ஆங்கிலமே. 1987 முதல் பல்கலைக்கழக மாணவர்க்கெனத் தனி ஆங்கிலத் தேர்வும் நடைபெற்று வருகின்றது. எனவே, பயிற்சி நெறி ஒன்று செவ்விதாயின் அதனால் பயன்பெறுவோர் பலர். வழுவுடைத்தாயின் இடர்ப்படுவோரும் பலர்.

இனி, சீன மாணாக்கர் எத்தகைய இலக்கண உணர்வோடு ஆங்கிலத்தை அணுகுகின்றனர் என்பதைக் காண்போம். பண்டைச் சீன அறிஞர் சொற்களை நிறைசொல், வெறுஞ்சொல் என இரண்டாகப் பகுத்தனர். பொருளைத் தாமே உணர்த்துவன நிறைசொற்கள். பிற சொற்களைச் சார்ந்து நிற்பன வெறுஞ்சொற்கள். நம் இலக்கணத்தார் இடைச்சொல்லைப் பெயரினும் வினையினும் வேறாக வைத்த திறத்தோடு இஃது ஒருவாறு ஒத்தல் காண்க. ஆயினும், விகுதியும் வேற்றுமையுருபும் ஏற்றுச் சொல் திரிபடையும் இயல்பு சீனத்தில் இல்லை. மா ஜியன்ஜுங் என்பார் இலத்தீன் இலக்கணத்தைத் தழுவிச் சீனத்திற்கு இலக்கணம் வகுத்து 1898 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதன் முன்னர்ச் சீனப் புலமையில் பெரிதும் ஆராயப்பெற்றவை எழுத்தும் ஒலியும் சொற்பொருளுமே. ஒரு சொல்லின் ஈற்றில் இலக்கணம் தங்கியிருக்கும் என்னும் எண்ணமே சீன மாணாக்கர்க்குப் புதியது.

சீனத்திற்கும் ஆங்கிலத்திற்கும் உள்ள வேற்றுமைகளை இன்மை, பிரிவு, இடமாற்றம் என மூவகைப்படுத்தலாம். ஆங்கிலத்தில் உள்ளது சீனத்தில் இல்லாதிருத்தல் இன்மை. சீனத்தில் ஒரு சொல்லாய் நிற்பது ஆங்கிலத்தில் பலவாய்ப் பிளத்தல் பிரிவு. இரண்டினும் உள்ளதாயினும் நிற்கும் இடம் வேறுபடுதல் இடமாற்றம். இவை முறையே இலக்கணத்தினும் சொல்லினும் படிப்பினும் மிக்குத் தோன்றுகின்றன.

இன்மையும் இலக்கணப் பயிற்சியும்

சீன வினைச்சொல் காலங்காட்டும் உறுப்பு உடையதன்று. செயல் முற்றியது என்பதை 'லெ' என்னும் இடைச்சொல்லும், முன்பு எய்திய அனுபவம் என்பதைக் 'குவோ' என்னும் இடைச்சொல்லும் உணர்த்தும். இவை செயலின் நிலையைக் காட்டுவனவேயன்றிக் காலத்தைக் காட்டுவன அல்ல; நாளை முற்றுப்பெறும் செயலுக்கும் 'லெ' வருதல் உண்டு. நேற்று, இன்று, நாளை என்னும் சொற்களாலேயே காலம் விளங்கும். ஆதலின், 'நேற்று' என ஒருகால் கூறிய பின்னரும் வினைதோறும் இறந்தகால ஈறு சேர்த்தல் வேண்டுமென்பது சீன மாணாக்கர்க்கு வீண்மிகையாகத் தோன்றுகின்றது. தமிழ் மாணாக்கர் இவ்விடத்து இடர்ப்படுதல் குறைவு. 'நேற்று வந்தான்' என்னுமிடத்துக் காலத்தை இருமுறை கூறும் வழக்கு நமக்குப் பழகியதே.

இவ்விடர்ப்பாட்டை ஒலியும் மிகுவிக்கின்றது. சீன அசையின் ஈற்றில் நிற்கும் மெய்கள் னகர ஙகரங்களை ஒத்த மூக்கொலிகளும், பெய்ஜிங் வழக்கில் ரகரத்தை ஒத்த ஓரொலியுமே. மெய்கள் பல ஈற்றில் மயங்கி நிற்றல் சீனத்தில் இல்லை. ஆங்கிலமோ பன்மையையும் இறந்தகாலத்தையும் படர்க்கை ஒருமை வினையையும் பெரும்பாலும் சொல்லீற்று மெய்யிலேயே வைத்துள்ளது. 'ஆஸ்க்ட்' என்னும் சொல்லின் ஈற்றில் மூன்று மெய்கள் அடுக்கி நிற்றல் காண்க. இலக்கணம் தங்கிய அவ்விடமே சீனச் செவி கேளாத இடமாக அமைந்துவிட்டது. செவி கேளாததை நா கூறாது. நா கூறாததைக் கை மறத்தல் எளிது. எனவே, இவ்வீறுகளை எழுதுமுன் கேட்டுணரும் பயிற்சி வேண்டப்படுகின்றது.

வழக்கமான பயிற்சி நூல்கள் வாக்கியத்தில் 'நேற்று' என்னும் சொல்லை வைத்து, வினையைக் கோடிட்ட இடத்தில் நிரப்புமாறு கேட்கும். மாணாக்கர் காலப்பெயரைக் கண்டு ஈற்றைச் சேர்ப்பர். வினையீறு பொருள் தருவது என்னும் உணர்வு அவர்க்கு இதனால் உண்டாவதில்லை. காலப்பெயரை நீக்கிவிட்டு, 'ஹீ லிவ்ஸ் ஹியர்', 'ஹீ லிவ்ட் ஹியர்' என்னும் இரண்டையும் கூறி, அவன் இன்றும் இங்கு உளனோ எனக் கேட்டல் வேண்டும். விடை ஈற்றொலி ஒன்றையே பற்றி நிற்குமாயின், ஈறு பயனுடையது என்பதை மாணாக்கர் தாமே உணர்வர்.

சுட்டுப்பெயர்ப் பிழையும் இன்மையின்பாற்பட்டதே. அவன், அவள், அது என்னும் மூன்றிற்கும் சீனப் பேச்சில் 'தா' என்னும் ஒரே ஒலி வழங்குகின்றது. எழுத்தில் மூன்றிற்கும் தனித்தனி வரிவடிவம் அமைந்தது இருபதாம் நூற்றாண்டிலாகும். ஆங்கிலத்தில் நன்கு எழுதவல்ல சீனரும் விரைந்து பேசுங்கால் 'ஹீ' என வேண்டியவிடத்து 'ஷீ' என்று கூறுதல் இதனால் நிகழ்கின்றது. ஆண்பெண் வேறுபாடு அறியாதார் எவருமிலர்; அவ்வேறுபாட்டைப் பேச்சில் காட்டும் கட்டாயமே அவர்க்குப் புதியது.

இன்மை எனத் தோன்றுவன யாவும் முற்றிய இன்மை ஆகா என்பதும் ஈண்டு அறியத்தக்கது. 'ஏ', 'தி' என்னும் முன்னடைகள் சீனத்தில் இல்லை. ஆயினும், 'கெரென் லாய் லெ' என விருந்தினரைக் குறிக்கும் சொல்லை முன்வைத்துக் கூறின், எதிர்பார்த்த விருந்தினர் வந்தார் எனப் பொருள்படும். 'லாய் லெ கெரென்' எனப் பின்வைத்துக் கூறின், யாரோ விருந்தினர் வந்தார் எனப் பொருள்படும். ஆங்கிலம் முன்னடையால் உணர்த்தும் வேறுபாட்டைச் சீனம் சொற்கிடக்கையால் உணர்த்துகின்றது. இதனை எடுத்துக்காட்டித் தொடங்கும் ஆசிரியர், மாணாக்கர் முன்னரே அறிந்த ஒன்றற்குப் புதுவடிவம் தருகின்றார். காட்டாத ஆசிரியரோ விதிகளை மனப்பாடம் செய்விக்கின்றார்.

பிரிவும் சொற்பயிற்சியும்

சீன மாணாக்கர் பலர் ஆங்கிலச் சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்வர். அகரவரிசைப் பட்டியல்கள் பலவற்றில் முதற்கண் நிற்பது கைவிடுதல் என்னும் பொருளுடைய 'அபாண்டன்' என்னும் சொல்லாகும். அச்சொல்லோடே பயிற்சியைக் கைவிட்டார் பலர் என்பது அவர்களிடையே வழங்கும் நகைச்சுவை. பட்டியலின் உண்மைக் குறை அதன் நீளம் அன்று. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என எதிரெதிரே நிறுத்துதலே ஆகும்.

'கான்' என்னும் சீனச் சொல் நூலைப் படித்தல், படக்காட்சியைக் காணுதல், ஒன்றை நோக்குதல் ஆகிய மூன்றிற்கும் பொது. ஆங்கிலத்தில் இவை வெவ்வேறு வினைகளாம். 'ஜியே' என்னும் சொல் இரவல் வாங்குதலையும் இரவல் கொடுத்தலையும் குறிக்கும். 'காய்' என்னும் சொல் கதவைத் திறத்தல், விளக்கை ஏற்றுதல், வண்டி ஓட்டுதல், கூட்டம் நடத்துதல் ஆகிய அனைத்திற்கும் பொருந்தும். இதனாலேயே 'விளக்கைத் திற' என்னும் பொருள்பட அவர் ஆங்கிலத்தில் கூறுகின்றனர். தமிழில் 'விளக்கைப் போடு', 'சட்டை போடு', 'சண்டை போடு' என ஒரே வினை பலவிடத்தும் வழங்குதலை நினையின், அப்பிழை நமக்கு வியப்பளிக்காது. ஆதலின், வினையைத் தனித்துக் கற்பியாது, அது கொள்ளும் செயப்படுபொருளோடு இணைத்துக் கற்பித்தல் வேண்டும்.

பிரிவிற்கு மறுதலையாக, சீனத்தில் பலவாய் நிற்பன ஆங்கிலத்தில் ஒன்றாய் ஒடுங்குதலும் உண்டு. தந்தையின் தமையன், தந்தையின் தம்பி, தாயின் உடன்பிறந்தான் ஆகிய மூவர்க்கும் சீனத்தில் தனித்தனிப் பெயர்கள் உள. பெரியப்பா, சித்தப்பா, மாமன் எனத் தமிழர் வழங்குமாறு போன்றது இது. ஆங்கிலமோ 'அங்க்கிள்' என்னும் ஒரு சொல்லோடு அமைகின்றது. ஆங்கிலக் கதை பயிலும் சீன மாணாக்கர், 'இவர் எம்முறையினர்?' எனத் தேடி நிற்றல் இயல்பு. கதையின் பிற குறிப்புக்களால் உறவை உய்த்துணரச் செய்தல் அவர்க்கு நல்லதொரு பயிற்சியாகும்.

சொற்புணர்ப்பு பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். சீனத்தில் திங்கட்பெயர்கள் முதல் திங்கள், இரண்டாம் திங்கள் என எண்ணால் அமைவன. கிழமைப் பெயர்களும் ஞாயிறு ஒழிந்தன யாவும் எண்ணால் அமைவனவே. மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் விலங்கின் பெயரோடு இறைச்சி என்னும் சொல் சேர்ந்து வரும். ஆங்கிலத்தில் இவை ஒவ்வொன்றும் தனிச்சொல். எண்களுள்ளும் பதினாயிரத்திற்கு 'வான்' என்னும் தனிப்பெயர் உண்டு. பத்து இலட்சம் சீனர்க்கு நூறு 'வான்' ஆகும். 'மில்லியன்' என்னும் சொல்லைக் கண்டவுடன் இடர்ப்படுதல், இலட்சமும் கோடியும் பழகிய நமக்கும் உள்ளதே.

இடமாற்றமும் படிப்புப் பயிற்சியும்

சொல்லும் இலக்கணமும் ஓரளவு அறிந்த பின்னரும், நீண்ட வாக்கியங்களைப் படித்தல் சீன மாணாக்கர்க்கு அரிதாகின்றது. காரணம் அடைமொழியின் இடமாகும். 'நான் நேற்று வாங்கிய நூல்' என்பதைச் சீனர் 'வோ ஸுவோதியென் மாய் தெ ஷூ' என்பர். நான், நேற்று, வாங்கு, 'தெ' என்னும் இடைச்சொல், நூல் என்பது அதன் வரிசை. நம் பெயரெச்சம் போலவே அடை முன்னும் பெயர் பின்னுமாக நிற்றல் காண்க. ஆங்கிலத்தில் நூல் முன்னரும், அதனை விளக்கும் தொடர் பின்னரும் வரும். ஆகவே, சீனரும் தமிழரும் ஆங்கில வாக்கியத்தை இறுதிவரை நோக்கிப் பின்னிருந்து முன்னாக மொழிபெயர்த்து உணர முயல்கின்றனர். அவ்வாறு படிப்பார்க்கு விரைவும் இல்லை. வாக்கியத்தின் தொடக்கம் நினைவில் நிற்றலும் அரிது.

இதற்கு ஏற்ற பயிற்சி, பெயர் வந்தவிடத்தே நிறுத்தி 'எந்த நூல்?' என வினவுதலாகும். பின்வரும் தொடர் அவ்வினாவிற்கு விடையாக அமையும். வாக்கியத்தைச் சிறு பகுதிகளாக வரிதோறும் பிரித்தெழுதி, ஒவ்வொரு வரியின் இறுதியிலும் வினா எழுப்பிப் படித்துவரின், பின்னோக்கிச் செல்லும் வழக்கம் நாளடைவில் நீங்கும்.

படித்தற்குரிய பகுதியைத் தேர்தலிலும் அளவு வேண்டும். மைக்கேல் வெஸ்ட் என்பார், வங்காளத்தில் ஆங்கிலம் கற்பித்த அனுபவமுடையவர், ஏறத்தாழ 2000 அடிப்படைச் சொற்கள் கொண்ட பொதுச்சொற் பட்டியலை 1953 ஆம் ஆண்டில் வெளியிட்டார். பிறர் துணையின்றிக் கதையொன்றைப் படித்துணர்வதற்கு, அதிலுள்ள 100 சொற்களில் 98 அளவேனும் அறிந்திருத்தல் வேண்டுமென்பது 2000 ஆம் ஆண்டில் ஹூ, நேஷன் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வின் முடிபு. வரிதோறும் அகராதியைப் புரட்டுதல் சொல்லாராய்ச்சியாகலாம், படிப்பாகாது.

தாய்மொழி விளக்கத்தின் எல்லை

பிழை அனைத்தும் தாய்மொழியால் விளைவன என முடிவு கூறுதல் பொருந்தாது. இரு மொழிகளை ஒப்பிட்டு இடர்ப்பாடுகளை முன்னரே அறியலாம் என்னும் கொள்கையை இராபர்ட் லாடோ 1957 ஆம் ஆண்டில் விரித்துரைத்தார். பிட் கார்டர் என்பார் 1967 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில், பிழைகள் மாணாக்கர் தாமே வகுத்துக்கொள்ளும் இலக்கணத்தைக் காட்டும் சான்றுகள் எனக் கொண்டார். ஒழுங்கற்ற ஆங்கில வினைகளுக்கும் ஒழுங்கான இறந்தகால ஈற்றைச் சேர்த்தல், ஆங்கிலக் குழந்தைகளிடத்தும் காணப்படுவதொன்று. அதற்குச் சீனத்தைக் காரணமாகக் கூறல் இயலாது. எனவே, ஒப்பீடு ஐயத்தை எழுப்பும் கருவி. முடிவைத் தருவது மாணாக்கர் எழுதிய ஏடேயாகும். இவ்விரு கொள்கையும் ஒன்றையொன்று நிறைவு செய்வன.

இவற்றால் பெறப்படுவது இது. இல்லாததைக் கற்பிக்குமிடத்துப் பொருள்வேறுபாட்டை உணர்த்துதலும், பிளவுபட்டதைக் கற்பிக்குமிடத்துச் சொல்லின் துணைச்சொல்லைக் காட்டுதலும், இடம் மாறியதைக் கற்பிக்குமிடத்து ஓட்டத்தைப் பழக்குதலும் வேண்டும். மூன்றற்கும் ஒரே வகைக் கோடிட்ட இடம் நிரப்பும் பயிற்சி அமையாது. ஏடு திருத்தும் ஆசிரியர் பிழையின்கீழ்க் கோடிடுவதோடு அமையாது, அதன் காரணத்தையும் ஒரு சொல்லால் அருகே குறிப்பாராயின், மாணாக்கர் தம்மை அறிவிலர் என எண்ணி ஊக்கம் குன்றார். தம் மொழியறிவே புதுமொழியின்கண் வழிதேடுகின்றது என்பதை உணர்வர்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சீனச் சிறுவரும் தமிழ்ச் சிறுவரும் ஒரே வகுப்பில் அமர்ந்து ஆங்கிலம் பயில்கின்றனர். பெயரெச்ச அமைப்பில் இருவரும் ஒரே இடத்து இடறுவர். கால ஈற்றில் ஒருவர் இடறுமிடத்து மற்றவர் இடறார். அவ்வகுப்பின் ஆசிரியர்க்கு இவ்வேறுபாட்டை விளக்கவல்ல நூல்கள் வேண்டும். எச்சம், இடைச்சொல், மெய்ம்மயக்கம் என்னும் குறியீடுகளைப் பண்டே வகுத்துக்கொண்ட தமிழ் இலக்கண மரபு, பிறமொழிகளின் இயல்பை விளக்குதற்கும் தக்க கருவியாகும் என்பதை மேற்காட்டிய எடுத்துக்காட்டுகள் ஒருவாறு புலப்படுத்தும். சீன, தமிழ் இலக்கணங்களை நிறுத்தி ஒப்பிடும் அப்பணி தமிழாய்வார் மேற்கொள்ளத்தக்க தொன்றாகும்.