துருவின் அழகும் உருக்கின் வலிமையும்

பழைய மோட்டார் வண்டியைப் பளபளவென்று புதுப்பித்து வைத்துக்கொள்வோரை நாம் அறிவோம். அதன் துருவையும் நசுங்கலையும் அப்படியே விட்டுவிட்டு, அடியில் மட்டும் பிற்காலத்து எலும்புக்கூட்டைக் கொடுத்து ஓட்டுவோரும் உலகில் உண்டு. அமெரிக்க நாட்டில் அத்தகைய வண்டிக்கு ‘ரேட் ராட்’ என்று பெயர். ‘ரேட்’ என்றால் எலி. தோற்றமும் பெயருக்கு ஏற்றதுதான்: சாயம் போன தகரம், தைத்த கோணிப்பை போன்ற இருக்கை, மூடியில்லாத இயந்திரம்.

இதன் முன்னோர் ‘ஹாட் ராட்’ எனப்படும் வேக வண்டிகள். 1930-களில் தென் கலிபோர்னியா இளைஞர்கள் மலிவாகக் கிடைத்த பழைய ஃபோர்டு வண்டிகளை வாங்கி, மட்கார்டு முதலிய சுமைகளைக் கழற்றி எறிந்து, மூரோக் போன்ற வற்றிய ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பந்தயம் கட்டினர். 1932-ஆம் ஆண்டு ஃபோர்டு கம்பெனி சாமானியரும் வாங்கத்தக்க விலையில் எட்டு சிலிண்டர் இயந்திரத்தை வெளியிட்டது, அவர்களுக்குப் பெரு விருந்தாயிற்று. ஏழைப் பிள்ளைகளின் அந்த விளையாட்டு காலப்போக்கில் பணக்காரர்களின் கண்காட்சிப் பொருளாயிற்று. அதைக் கண்டு சலித்தவர்கள், ‘எங்களுக்கு மினுமினுப்பு வேண்டாம்; ஓடினால் போதும்’ என்று கட்டியவையே ரேட் ராட் வண்டிகள். எனவே சிக்கனமே இதன் பிறப்புரிமை எனலாம்.

இந்தச் செய்தி நமக்கு எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். நான் வாழும் காட்கோபர் காமராஜ் நகரில் மோட்டார்த் தொழில் அறிந்த தமிழ் இளைஞர் மூவர், சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில் இப்படி ஒரு லாரியைக் கட்ட எண்ணினர். “தம்பி, நீ பௌதிகம் படிக்கிறவன். இது தாங்குமா, தாங்காதா? அதை மட்டும் சொல்” என்று என்னிடம் கேட்டனர். கேள்வி சிறியது. ஆனால் மூவரின் சேமிப்பும், அவ்வண்டியில் ஏறப் போகிறவர்களின் உயிரும் அதில் அடங்கியிருந்தன. அவர்களுக்கு நான் சொன்ன விடையையே இங்குச் சற்று விரித்து எழுதுகிறேன்.

ஏணியும் கூடும்

மோட்டார் வண்டிகளின் உடலமைப்பு இரு வகைப்படும். முதல் வகையில் அடியில் ஏணி போன்ற ஓர் இரும்புச் சட்டகம் இருக்கும். இரு நீண்ட உருக்குச் சட்டங்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள். இயந்திரம், அச்சுகள், ஸ்பிரிங்குகள் யாவும் இந்த ஏணியில்தான் பூட்டப்படும். மேலே உள்ள கேபின் வெறும் குடை. லாரிகள் இவ்வகை. டாட்டா 207, மகிந்திரா பொலேரோ பிக்-அப் போன்ற வண்டிகளும் இவ்வகையே.

இரண்டாம் வகையில் ஏணி இல்லை. தரை, கூரை, பக்கத் தகடுகள் யாவும் சேர்ந்து முட்டை ஓட்டைப் போலச் சுமையைத் தாங்கும். நம் பம்பாயின் பழைய டாக்ஸியான பிரீமியர் பத்மினி இவ்வகை.

இந்த வேறுபாட்டை அறியாமல் வேலை தொடங்குவோர் வீணாய் இடர்ப்படுவர். பத்மினி டாக்ஸியின் தரையை வெட்டி எடுத்துவிட்டு மேற்கூட்டை மட்டும் பிக்-அப் சட்டகத்தின்மேல் வைத்தால், கதவுகள் ஒழுங்காக மூடா, தூண்கள் அசையும். முட்டையின் அடி ஓட்டை உடைத்த பின்பு மேல் ஓட்டிடம் வலிமையை எதிர்பார்க்க முடியுமா? பழைய லாரியின் கேபினோ தொடக்கத்திலிருந்தே ஏணியின்மேல் அமரப் பிறந்தது. அதை இறக்கி வேறோர் ஏணியில் ஏற்றுவது எளிது.

இவ்விரு வகை வண்டிகளும் நம் வாசலிலேயே பிறந்தவை என்பது வியப்பான செய்தி. 1944-ஆம் ஆண்டு வால்சந்த் ஹிராசந்த் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனியின் தொழிற்சாலை காட்கோபருக்கு இரு நிலையங்கள் அப்பாலுள்ள குர்லாவில் இருந்தது. டாட்ஜ், ஃபார்கோ லாரிகளும், ஃபியட் 1100 கார்களும், பின்னர் பத்மினியும் அங்கிருந்து வந்தவை. கடைசிப் பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரில் மும்பைச் சாலைகளிலிருந்து விடைபெற்றது.

அமெரிக்காவில் சிக்கனக்காரர்கள் மிகுதியாக நாடும் பொருத்தம் ஒன்றைச் சொல்கிறேன். 1947 முதல் 1955 வரை வந்த செவர்லே அரை டன் லாரியின் சக்கர இடைத்தூரம், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலுள்ள தூரம், 116 அங்குலம். 1982 முதல் 2004 வரை விற்ற செவர்லே எஸ்-10 என்னும் சிறு பிக்-அப்பின் நீண்ட வகையில் அது சுமார் 118 அங்குலம். இரண்டு அங்குலமே வேற்றுமை! ஆகவே பழைய மட்கார்டின் வளைவுக்குள் புதிய சக்கரம் ஏறக்குறைய நடுவில் வந்து நிற்கிறது. பழைய லாரியில் முன்னே ஒற்றை இரும்பு அச்சு, நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், 6 வோல்ட் மின்சாரம். எஸ்-10 சட்டகத்திலோ முன் சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும். முன்னே டிஸ்க் பிரேக். மின்சாரம் 12 வோல்ட். கேபினுக்கு ரப்பர் அணை வைத்துச் சில தாங்கிகளைப் பற்றவைத்தால், ஐம்பதாண்டு முன்னேற்றம் ஒரே நாளில் கைக்கு வந்துவிடுகிறது. இதனால்தான் சட்டகத்தையே மாற்றுவது, பழைய சட்டகத்தைச் செப்பனிடுவதைவிட மலிவாகிறது.

முறுக்கு என்னும் எதிரி

சட்டகத்தின் வலிமையைப் பேசும்போது, ‘எத்தனை டன் சுமக்கும்?’ என்றே எல்லாரும் கேட்கின்றனர். மேடு பள்ளமான சாலையில் ஒரு சக்கரம் ஏறி எதிர்மூலைச் சக்கரம் இறங்கும்போது, சட்டகம் ஈரத் துணியைப் பிழிவதுபோல் முறுக்கப்படுகிறது. இந்த முறுக்கையும் எண்ண வேண்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு தாளைக் குழாயாகச் சுருட்டி, ஓரத்தை ஒட்டாமல் கையால் பிடித்து முறுக்குங்கள். எளிதில் முறுங்கும். ஓரத்தை நெடுகப் பசையிட்டு ஒட்டி, உலர்ந்த பின் மீண்டும் முறுக்குங்கள். அது எதிர்த்து நிற்கும். தாள் அதே தாள்தான். குழாய் மூடியதே வேற்றுமை.

கணக்கும் இதையே சொல்கிறது. 100 மில்லிமீட்டர் உயரம், 50 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் தகட்டுத் தடிப்பு உள்ள பெட்டிச் சட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் நீளவாக்கில் ஒரு கீறல் மட்டும் விட்டால், முறுக்கை எதிர்க்கும் திறன் முந்நூறில் ஒரு பங்குக்கும் கீழாகக் குறைந்துவிடுகிறது. எடையில் குறைவில்லை; கண்ணுக்கும் பெரிய மாற்றம் தெரியாது. வண்டியைத் தாழ்த்துவதற்காகச் சட்டகத்தின் அடிப்பாகத்தை வெட்டுவோரும், துருவேறிய பெட்டிச் சட்டத்தின் ஒரு பக்கத்தை அறுத்து மூடாமல் விடுவோரும் இக்கணக்கை நினைவில் வைத்தல் நலம்.

வளைவுக்கும் ஒரு விதி உண்டு. சட்டத்தின் மேல் விளிம்பும் கீழ் விளிம்புமே மிகுதியான இழுப்பையும் நெருக்கத்தையும் ஏற்கின்றன. நடுப்பகுதி ஏறக்குறைய ஓய்வாக இருக்கிறது. ஆகவே துளையிட வேண்டுமானால் நடுத்தகட்டில் இட வேண்டும், விளிம்பில் இடலாகாது. சட்டகத்தை நீட்டவோ குறுக்கவோ நேர்ந்தால், நேர் செங்குத்தாக ஒரே கோட்டில் வெட்டிப் பற்றவைத்தல் ஆகாது. பற்றவைத்த இடத்தை ஒட்டிய உருக்கு வெப்பத்தால் தன் குணம் மாறியிருக்கும். அந்தக் கோட்டிலேயே முழுச் சுமையும் விழுந்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும். வெட்டைப் படிப்படியாக அமைத்து, சாய்சதுர வடிவத் தகட்டை மேலே அணைத்துப் பற்றவைத்தால் சுமை பரவிச் செல்லும்.

நாமக்கல் லாரிப் பட்டறைகளில் இவ்வறிவு ஏட்டில் ஏறாமலே தலைமுறையாக வாழ்கிறது. கேபின்கூட இல்லாத வெறும் சேஸிஸை, தலையில் துண்டைக் கட்டிய டிரைவர் ஒருவர் வெயிலில் ஓட்டி வருவதை ஊர்ப் பயணத்தில் பலரும் கண்டிருக்கலாம். அந்தச் சேஸிஸின்மேல் மரமும் தகரமும் கொண்டு உடலைக் கட்டும் தச்சர், அதைச் சட்டகத்தின் விளிம்பில் துளைத்துப் பூட்டுவதில்லை. ‘யு’ வடிவ போல்ட்டுகளால் கவ்விப் பிடிக்கச் செய்கிறார். மேலே நான் கணக்கிட்டுச் சொன்னதை அவர் கையால் செய்துகாட்டுகிறார்.

நிற்பதற்கு ஆகும் விலை

ஓட்டுவதைப் பற்றி ஆசைப்படுவோர் நிறுத்துவதைப் பற்றியும் எண்ண வேண்டும். 1,500 கிலோகிராம் எடையுள்ள வண்டி மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதனிடம் சுமார் 3,70,000 ஜூல் இயக்க ஆற்றல் இருக்கிறது. ஏறத்தாழ ஒன்றேகால் லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரும் அளவு அது. வண்டி நிற்கும் சில விநாடிகளுக்குள் அவ்வளவு வெப்பமும் பிரேக்குகளில் பிறந்தாக வேண்டும். வேகம் பாதியானால் ஆற்றல் நான்கில் ஒன்றாகிவிடும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துக்குப் போதுமான பழைய பிரேக்கு 80-இல் நம்மைக் கைவிடுவது இதனால்தான்.

டிரம் பிரேக்கில் வெப்பம் மூடிய தட்டுக்குள் சிக்கிக்கொள்கிறது. டிஸ்க் பிரேக்கில் காற்றுப் பட்டு ஆறுகிறது. பழைய வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்க் குழாய் வழி. எங்கேனும் ஒரு கசிவு ஏற்பட்டால் நான்கும் போயிற்று. இக்காலத்து வண்டிகளில் வழி இரண்டாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் ஒன்று பழுதானாலும் மற்றது காக்கும். பிக்-அப் சட்டகத்தை வாங்குவோர் அதன் பிரேக்கு அமைப்பையும் ஸ்டியரிங்கையும் முழுமையாக வாங்கி, குழாய்களையும் ரப்பர்களையும் புதிதாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

கலிபோர்னியாத் துருவும் பம்பாய்த் துருவும்

இனி, துருவுக்கு வருவோம். இரும்பு, நீர், பிராணவாயு மூன்றும் சேர்ந்தால் துரு பிறக்கிறது. அலுமினியத்தின்மேல் படியும் ஆக்ஸைடு ஒரு போர்வையாகி உலோகத்தைக் காக்கும். இரும்பின் துருவோ பருத்து, செதிலாக உதிர்ந்து, அடியிலுள்ள இரும்பை மீண்டும் ஈரத்துக்குத் திறந்துவிடுகிறது.

ரேட் ராட் வறண்ட நாட்டின் குழந்தை. பாலைவனக் காற்றில் நின்ற தகரத்தின்மேல் மெல்லிய செந்நிறத் தோல் படிந்து, பல்லாண்டு அப்படியே நிற்கும். அதை அவர்கள் அழகென்று போற்றி, மேலே நிறமற்ற வார்னிஷ் பூசிக் காக்கின்றனர். நம் பம்பாயில் நான்கு மாத மழை; ஆண்டு முழுவதும் உப்புக் கலந்த கடற்காற்று. உப்பு துருவை விரைவுபடுத்தும் என்பதை நாம் அறிவோம். இங்கே துரு ஓர் ஓவியமாக நிற்காது. நாள்தோறும் உண்ணும் கறையானாக உழைக்கும். கண்ணுக்குத் தெரியும் மேல் துரு அத்தனை அபாயமானதன்று. பெட்டிச் சட்டத்தின் உட்புறத்தில், நீர் தேங்கி, வெளியே தெரியாமல் அரிக்கும் துருவே கொடியது.

குர்லாவிலோ, சென்னை புதுப்பேட்டையிலோ காயலான் கடையில் சட்டகம் பார்க்கச் செல்வோர் ஒரு சிறு சுத்தியலைக் கொண்டு செல்லட்டும். நல்ல உருக்கைத் தட்டினால் மணி போல் ஒலிக்கும். அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும். ஐயமான இடத்தில் திருப்புளியால் குத்திப் பார்க்கலாம். குறுக்குச் சட்டங்களின் மூலைகளையும் ஸ்பிரிங் தாங்கிகளின் அடியையும் முதலில் பார்க்க வேண்டும். சேறு தங்கும் இடங்கள் அவை.

சாலையும் சட்டமும்

விஞ்ஞானம் ‘முடியும்’ என்று சொன்னாலும் நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியின் அமைப்பை உரிமையாளர் மாற்றலாகாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகவே வற்புறுத்தியது. நாமக்கல் லாரி இதற்கு விலக்குப் போலத் தோன்றலாம். அதன் சேஸிஸ் உடல் கட்டுவதற்கென்றே விற்கப்படுகிறது. விதிப்படி கட்டி முடித்த பின்பே முழு லாரியாகப் பதிவாகிறது. ஏற்கெனவே பதிவான பிக்-அப்பின் தலையை மாற்றுவது அத்தகையதன்று. எனவே இங்குப் பொதுச் சாலையில் ரேட் ராட் ஓட்ட வழியில்லை. தனியார் நிலத்திலும், கண்காட்சியிலும், கடையின் முகப்பிலும் அது நிற்கலாம்.

இதைச் சொன்னபோது நண்பர் மூவரில் இருவர் முகம் வாடினர். மூத்தவர் மட்டும் சற்று நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, “அப்போ நம்ம பட்டறை வாசலில் நிறுத்துற மாதிரி செய்வோம்டா. ஆனா பிரேக்கும் ஸ்டியரிங்கும் நிசமாவே வேலை செய்யணும். அதைப் பார்த்துத்தான் நாலு பேர் வண்டியை நம்மகிட்ட விடுவான்” என்றார். சீட்டுப் பணத்தில் பெரும்பகுதி அதனால் மிஞ்சும் என்பது என் கணக்கு.

எதில் சிக்கனம்?

யாழ்ப்பாணத்தில் 1990-களில் பெட்ரோலுக்குத் தடை இருந்த காலத்தில், நம் தமிழ் மக்கள் பழைய ஆஸ்டின், மோரிஸ் கார்களைச் சிறிது பெட்ரோல் காட்டிக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினர். புகை வந்தது, இயந்திரம் இருமியது, ஆயினும் வண்டி போயிற்று. தேவை கற்பித்த சிக்கனம் அது. இயந்திரம் நின்றுவிட்டால் இறங்கித் தள்ளலாம். பிரேக்கு நின்றுவிட்டால் இறங்க நேரமிராது. இந்த வேற்றுமையே சிக்கனத்துக்கு எல்லை வகுக்கிறது.

சாயத்தில் மிச்சம் பிடியுங்கள். இருக்கைத் துணியில், முகப்பு அலங்காரத்தில், நசுங்கிய தகரத்தில் மிச்சம் பிடியுங்கள். பிரேக்குக் குழாயில், ஸ்டியரிங் மூட்டில், டயரில், முன் கண்ணாடியில், பற்றவைப்பவரின் கூலியில் மிச்சம் பிடிக்க வேண்டாம். மயிலிறகை ஏற்றிய வண்டிக்கும் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரித்திருப்பதை நாம் பள்ளியில் படித்தோம். அச்சின் வலியை அறிவதற்கு இன்று நம்மிடம் கணக்கும் இருக்கிறது.

கையால் வண்டி கட்டும் ஆசை உள்ள மாணவ நண்பர்களுக்கு நேரிய வழியும் உண்டு. 2007 முதல் நடந்துவரும் பாஹா எஸ்.ஏ.இ. இந்தியா போட்டியில் கல்லூரி மாணவர்கள் தாமே குழாய்களைப் பற்றவைத்து ஒற்றை இருக்கை வண்டி கட்டுகின்றனர். பந்தயத்தில் இறங்குவதற்கு முன் பிரேக்குச் சோதனை உண்டு: பிரேக்கை மிதித்தால் நான்கு சக்கரங்களும் ஒருங்கே பூட்டிக்கொள்ள வேண்டும். அதில் தேறாத வண்டி, எத்துணை அழகாயினும், களத்துக்கு வெளியேதான் நிற்கும்.