கோமேதகம் எந்தக் கல்?

நவமணிகளின் பெயர்களை மாணவர் எளிதில் ஒப்புவித்துவிடுவர். கோமேதகம் என்பது எந்தக் கல் என வினவும்போதுதான் இடர்ப்பாடு தோன்றுகிறது. நிறவரிகளையுடைய அகேட் வகை என்று ஒரு பொருளும், சிர்க்கான் என்று மற்றொரு பொருளும் நூல்களில் காணப்படுகின்றன. ஜொகூர் பாருவிலாயினும் சென்னையிலாயினும், இன்று மணிவணிகர் இப்பெயரால் பெரிதும் விற்பது ஹெஸ்ஸோனைட் என்னும் கார்னெட் வகையாகும்.

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரை மணிக்கடைத் தெருவை வருணிக்கிறது. அங்குக் கூறப்படும் மணிகளுள் மஞ்சளும் சிவப்பும் விரவிய ஒன்றைக் கோமேதகம் என உரைகள் கொள்கின்றன. வடமொழிப் பெயரும் பசுவின் கொழுப்பைக் குறித்தெழுந்ததே. ஆக, பெயருக்கும் உரைக்கும் அடிப்படை நிறம் ஒன்றே. நிறத்தை மட்டும் கொண்டு கல்லைத் துணிய இயலுமா என்பதே நம் ஐயம்.

ஹெஸ்ஸோனைட் கால்சியம், அலுமினியம், சிலிக்கா ஆகியவற்றாலான உருமாற்றக் கனிமம். களிமண்ணும் மணலும் கலந்த சுண்ணாம்புப் பாறை புவியின் ஆழத்தில் மிகுந்த வெப்பத்திற்கும் அழுத்தத்திற்கும் உட்படுகையில் கரியமில வாயு வெளியேறுகிறது. எஞ்சிய கூறுகள் பாறை உருகாமலேயே புதிய படிகங்களாக ஒழுங்குறுகின்றன. இரும்பும் மாங்கனீசும் சிறிதளவு கலப்பதால் இலவங்கப்பட்டை நிறம் உண்டாகிறது. இலங்கையின் நடுப்பகுதிப் பாறைகள் ஏறத்தாழ 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன் இவ்வாறு உருமாறியவை. அவை சிதைந்தபின் கற்களை ஆறுகள் அடித்துவந்து, இரத்தினபுரி போன்ற இடங்களில் சரளைப் படுகைகளில் சேர்த்தன. சிர்க்கானும் அதே படுகைகளில் கிடைக்கிறது. அதிலும் தேன்நிறக் கற்கள் உண்டு. குழப்பத்தின் வேர் இதுவே எனலாம்.

நிறம் மயக்கினும் இயல்புகள் மயக்குவதில்லை. ஹெஸ்ஸோனைட்டின் ஒப்படர்த்தி சுமார் 3.6, சிர்க்கானுக்கு 4.7 வரை செல்லும், அகேட்டுக்கு 2.6 அளவே. கார்னெட் கனசதுரப் படிகத் தொகுதியைச் சார்ந்ததாதலின் ஒளியை இரண்டாகப் பிரிப்பதில்லை. பட்டை தீட்டிய சிர்க்கானை உருப்பெருக்கியால் நோக்கின் பின்புற விளிம்புகள் இரட்டையாகத் தோன்றும். ஹெஸ்ஸோனைட்டின் உள்ளேயோ சர்க்கரைப் பாகு நீரில் கரைவது போன்ற அலைவு தெரியும். மோஸ் அளவில் இதன் கடினம் ஏறத்தாழ 7.

உரைகள் தரும் நிறத்திற்கு ஹெஸ்ஸோனைட் பொருந்துகிறது. தேன்நிறச் சிர்க்கானும் பொருந்தும். ஆதலின் வகுப்பில், 'இன்றைய வணிக வழக்கில் ஹெஸ்ஸோனைட்' எனக் காலம் சுட்டிப் பொருள் கூறுவதே தக்கதெனக் கருதுகிறோம். பழைய மணிக்கு அகழாய்வில் கிடைத்த கல்லையே சோதித்தல் வேண்டும்.