புனைவியற் காலத்து ஓவியரும் தமிழ்நிலமும்

தாம்பரத்தினின்று சென்னைக்குச் செல்லும் பெருவழி, பல்லாவரத்தையும் பரங்கிமலையையும் கடந்து, சைதாப்பேட்டையில் அடையாற்றைத் தாண்டுகின்றது. ஆங்குள்ள பாலம், பல்லாவரத்தில் வாழ்ந்த மறைமலையடிகளின் பெயரால் வழங்குவது. 1966இல் அப்பாலம் எழுமுன், கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்னும் ஆர்மேனிய வணிகர் 1726இல் கட்டிய பழம்பாலம் அவ்விடத்தே நின்றது. அதன் பண்டைத் தோற்றத்தை நாம் இன்று காணத் துணைநிற்பது, தாமஸ் டேனியல் (1749–1840), அவர்தம் உடன்பிறந்தார் மகனாகிய வில்லியம் டேனியல் (1769–1837) என்னும் ஆங்கில ஓவியர் இருவர் ஆக்கிய படமாகும். இத்தகைய படங்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

ஐரோப்பியக் கலையில் 18ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையுள்ள காலத்தைப் புனைவியற் காலம் என்பர். ஆங்கிலேயராகிய டர்னரும் கான்ஸ்டபிளும், ஜெர்மானியராகிய காஸ்பர் டேவிட் பிரீட்ரிக்கும், பிரெஞ்சுக்காரராகிய தெலக்ருவாவும் அக்காலத்துத் தலைசிறந்த ஓவியராவர். வகுத்த ஒழுங்கினும் உள்ளத்துணர்ச்சியே அவர்க்குப் பெரிது. ஓங்கிய மலை, கொந்தளிக்கும் கடல், சிதைந்த கட்டடம் ஆகியவை அச்சங்கலந்த வியப்பை விளைக்கும் என்னும் கருத்தை எட்மண்ட் பர்க் 1757இலேயே விளக்கியிருந்தார். டேனியல் இருவரும் இவ்வியக்கத்தின் தலைவாயிலில் நின்றவர்கள்.

மூன்றாம் மைசூர்ப் போர் 1792இல் முடிவுற்றபின், அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் அவ்விருவரும் தென்னாட்டிற் பயணஞ் செய்தனர். திருச்சி மலைக்கோட்டை, தஞ்சைப் பெரியகோயில், மதுரைத் திருமலை நாயக்கர் புதுமண்டபம், பாபநாச அருவி, மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பங்கள் முதலியவற்றை வரைந்தனர். வெளிக்காட்சியைத் தாள்மீது விழச்செய்யும் இருட்டறைப் பெட்டியின் துணையால் உருவ அளவுகளைச் செம்மையாகக் குறித்துக்கொண்டனர். பின்னர் இலண்டனில் அவற்றைச் செப்புத்தகட்டிற் செதுக்கி, 1795 முதல் 1808 வரை 144 படங்களாக வெளியிட்டனர்.

கருவியின் துணை பெற்றமையாற் கட்டட அமைப்பில் இப்படங்கள் பெரிதும் நம்பத்தக்கன. எனினும், நிற்குமிடத்தைத் தேர்ந்ததும், ஒளியையும் நிழலையும் பகுத்ததும் ஓவியர் உள்ளமேயன்றிக் கருவியன்று. இதனைத் தொல்காப்பியத் திணைநெறி கொண்டு நோக்குவோமாயின் உண்மை தெளிவாம். அகப்பாடலில் முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறக்கும்; நிலம் மாந்தர்தம் உணர்ச்சிக்குக் களனாகும். டேனியல் படங்களிலோ மலையும் மண்டபமும் தலைமை பெற, மாந்தர் பெரும்பாலும் சிறுவடிவினராய், பெயரிலராய் நிற்பர். உரிப்பொருள் அவற்றில் இல்லாமலில்லை. ஆயின் அஃது அந்நிலத்தில் வாழ்ந்தாரது அன்று, வந்து கண்டாரது வியப்பேயாம்.

ஆகலின், கோபுரத்தின் வடிவையும் பாலத்தின் வளைவையும் அறிய நாம் இப்படங்களை நாடலாம். அக்கோபுரத்தின் கீழ் வழிபட்டாரும் அப்பாலத்தைக் கடந்தாரும் எண்ணியது யாது என்பதை அறியவோ, கல்வெட்டையும் சுவடியையும் இலக்கியத்தையுமே நாடுதல் வேண்டும். இவ்வேறுபாட்டை உணராது அயலார் வியப்பை நம் முன்னோர் வாழ்வாகக் கொள்வோமாயின், நம் வரலாற்றில் நிலம் எஞ்சும், மக்கள் எஞ்சார்.