புறநானூறு 74-க்கு எத்தனை டேக் வேணும்?

ஏழு வரிப் பாட்டு ஒண்ணை வெப் பேஜ்ல ஏத்த உட்கார்ந்தேன். அரை மணி நேர வேலைன்னு நினைச்சேன். ரெண்டு ராத்திரி போயிடுச்சு.

புறநானூறு 74. சோழன் செங்கணான்கிட்ட தோத்து, சிறையில கிடந்த சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடினது. தண்ணி கேட்டிருக்கார், தரல. திரும்பக் கேட்டு வந்த தண்ணியைக் கையில வாங்கி, குடிக்காம, இந்தப் பாட்டைச் சொல்லிட்டு உயிரை விட்டார். சிறை இருந்தது குடவாயில் கோட்டத்துல. கும்பகோணம்–திருவாரூர் ரோட்டுல வருமே குடவாசல், அதுதான்னு சொல்றாங்க.

ஆனா பாட்டுக்குள்ள குடவாயில்ங்கிற பேரே இல்ல. தண்ணி கேட்ட கதையும் இல்ல. எல்லாம் பாட்டுக்குக் கீழ இருக்கிற குறிப்புல வருது. அது ராஜா பேசினது இல்ல, பின்னாடி வந்தவங்க எழுதினது. நான் ரெண்டையும் ஒரே 'பி' டேக்ல போட்டிருந்தேன். யார் பேச்சு எங்க முடியுதுன்னு படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

அதுக்குத்தான் 'ஃபிகர்'. படத்துக்கு மட்டும்னு நினைச்சிருப்பீங்க. எச்டிஎம்எல் தரநிலையிலயே கவிதை ஒண்ணை இதுக்கு உதாரணமா காட்டியிருக்காங்க. பாட்டு ஃபிகருக்குள்ள, குறிப்பு 'ஃபிக்கேப்ஷன்'ல. இது அதோட குறிப்புன்னு பிரவுசருக்கும் புரிஞ்சிடும். வரி உடைக்க 'பிஆர்'. இடைவெளி விடுறதுக்கு அதைப் போட்டுத் திட்டு வாங்கியிருப்போம், ஆனா பாட்டுக்கு அதுதான் சரி.

அடுத்து, 'ஞமலி'ன்னா நாய். அர்த்தத்தை அடைப்புக்குறியில போட்டா வரியோட ஓட்டம் போச்சு. ஜப்பானிய எழுத்துக்கு மேல உச்சரிப்பைச் சின்னதா போடுவாங்க இல்லையா, அந்த 'ரூபி' டேக் நமக்கும் வேலை செய்யும். 'ஆர்டி'க்குள்ள 'நாய்'னு எழுதினா தலைக்கு மேல உட்காரும். ஒரு எச்சரிக்கை: வழக்கமா அது பாதி சைஸ்ல வரும். அந்த சைஸ்ல தமிழ்ப் புள்ளியை மொபைல்ல தேடணும். சிஎஸ்எஸ்ல பெருசாக்கிடுங்க.

'குடவாயிற்கோட்டத்துச்சிறையில்' மாதிரி சேர்த்து எழுதின சொல் மொபைல் திரையைத் தாண்டி ஓடும். 'குடவாயிற்' முடியுற இடத்துல 'டபிள்யூபிஆர்' போடுங்க. இடம் இருந்தா ஒண்ணா நிக்கும், இல்லேன்னா ஹைஃபன் இல்லாம அங்கேயே மடங்கும்.

'சைட்' டேக் நூல் பேருக்கு மட்டும். புறநானூறுக்குப் போடலாம், இரும்பொறைக்குப் போடக்கூடாது. கூடவே அது எழுத்தைச் சாய்ச்சிடும். சாஞ்ச தமிழ் எனக்குக் காத்துல விழப்போற நாத்து மாதிரிதான் தெரியுது, நிமிர்த்தி வெச்சுட்டேன்.

கடைசியா, குடவாசலுக்கு ஒரு மேப் லிங்க். பாட்டுல கொடுக்க இடமில்ல. ஃபிக்கேப்ஷன்லதான் கொடுத்திருக்கேன்.