பெட்டியில் 7,000, வேலையில் 70

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவச அப்டேட் நின்றது. அந்தத் தேதியையொட்டி வாசகர் கடிதங்களும் கூடிவிட்டன. பலவற்றில் ஒரே கேள்விதான்: “லேப்டாப் ஊர்கிறது. கடையில் 7,000 எம்பி வேகம் என்று ஒரு எஸ்எஸ்டியைக் காட்டுகிறார்கள். அதை வாங்கிப் போடுவதா, லேப்டாப்பையே மாற்றுவதா?”

விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்திருக்கும் தகுதிப் பட்டியலில் ஸ்டோரேஜ் 64 ஜிபி இருக்க வேண்டும் என்கிறார்கள். அதன் வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சுழலும் ஹார்ட் டிஸ்க் போட்ட மெஷினும் அந்தப் பட்டியலின்படி தேறிவிடும். அதில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர் படும் பாட்டுக்குப் பட்டியலில் இடமில்லை.

அப்படி ஒரு பழைய லேப்டாப்பை முன்னால் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். உள்ளே 5,400 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க். ஆன் செய்து ஐந்து நிமிடமாகியும் பிரவுசர் திறக்கவில்லை. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டுகிறது. அதற்குக் கீழே படிக்கும் வேகம் நொடிக்கு 0.6 எம்பி. கீபோர்டுக்குக் கீழே காதை வைத்தால் ‘கறுக், கறுக்’ என்று விடாமல் சத்தம். நொடிக்கு 100 எம்பி படிக்கக்கூடிய டிஸ்க், மூச்சைப் பிடித்து உழைத்தும் ஒரு எம்பி தேறவில்லை. பழுது ஏதும் இல்லை.

கணக்கைப் போட்டால் புரியும். நிமிடத்துக்கு 5,400 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட். படிக்கும் ஹெட் சரியான தடத்துக்கு நகர சுமார் 12 மில்லிசெகண்ட்; அங்கே போய் நின்றபின், வேண்டிய இடம் சுழன்று அடியில் வர சராசரியாக அரைச் சுற்று, அதாவது இன்னொரு 5.6. ஒரு துண்டை எடுக்க 17, 18 மில்லிசெகண்ட் போய்விடுகிறது. நொடிக்கு 57 துண்டு. துண்டு 4 கேபி என்றால் நொடிக்குக் கால் எம்பிகூட வராது. ஒரு சினிமாவை காப்பி செய்யும்போது எல்லாம் வரிசையாக இருப்பதால் அதே டிஸ்க் 100 எம்பி தரும். விண்டோஸ் கிளம்பும்போது கேட்பதோ அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகள்.

ஐபிஎம் 1956-இல் கொண்டுவந்த முதல் டிஸ்க் டிரைவ் 50 லட்சம் எழுத்துகளைக் கொள்ளும். ஒன்றைத் தேடி எடுக்கச் சராசரியாக 600 மில்லிசெகண்ட். அதன்பின் கொள்ளளவு பல லட்சம் மடங்கு பெருகியது. தேடும் நேரம் குறைந்தது ஏறக்குறைய ஐம்பது மடங்குதான். உலோகக் கை நகர்ந்தாக வேண்டுமே!

எஸ்எஸ்டியில் நகர எதுவும் இல்லை. ஒரு துண்டுக்கு 0.1 மில்லிசெகண்ட் அளவில்தான் ஆகும். நாம் உணரும் மாற்றம் முழுவதும் இந்த ஒரு தாவலில் கிடைப்பது. பெட்டியில் அச்சிட்ட எண் சொல்வது வேறொன்றை.

தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தோசை வேக மூன்று நிமிடம். எட்டுக் கல் போட்டால் மூன்று நிமிடத்தில் எட்டுத் தோசை வரும். உங்கள் தட்டில் விழும் ஒரு தோசைக்கு அப்போதும் மூன்று நிமிடம்தான். எஸ்எஸ்டிக்குள் பல சிப்புகள் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. பெரிய பைலைத் தொடர்ச்சியாகப் படித்தாலோ, ஏராளமான கோரிக்கைகளை ஒன்றாகக் குவித்தாலோ எல்லாக் கல்லும் சூடாக இருக்கும். 7,000 எம்பியும், பத்து லட்சம் ஐஓபிஎஸ் (நொடிக்கு இத்தனை கோரிக்கை) என்ற பெருமையும் அப்படி அளந்தவை. அருமையான பொறியியல்தான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டு மெஷின் பெரும்பாலும் ஒரு துண்டைப் படித்துப் பார்த்துத்தான் அடுத்தது எது என்றே தெரிந்துகொள்கிறது. முதல் தோசையைச் சாப்பிட்ட பிறகே இரண்டாவதைச் சொல்லும் வாடிக்கையாளர் அது.

கிரிஸ்டல்டிஸ்க்மார்க் என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் கடைசி வரியில், 4கே, க்யூ1 என்று, ஒவ்வொரு துண்டாகப் படிக்கும் இந்த வேகம் தனியாக வரும். பெட்டியில் 550 எம்பி போட்ட சாதாரண சாட்டா எஸ்எஸ்டி அங்கே 35, 40 எம்பி காட்டும். 7,000 போட்ட என்விஎம்இ வகை எஸ்எஸ்டி 60 முதல் 90. பெட்டிமேல் 13 மடங்கு வித்தியாசம், அன்றாட வேலையில் இரண்டு மடங்குதான். ‘7,000 வரை’ என்று எழுதும்போது அந்த ‘வரை’ எந்தச் சூழலில் என்பதையும் அதே அளவு எழுத்தில் போட வைக்க வேண்டும். பிள்ளையின் படிப்புக்காகக் கடன் வாங்கி லேப்டாப் எடுக்கிறவர் அந்த எண்ணை நம்பித்தான் பணத்தை எடுத்து வைக்கிறார்.

ஆகவே ஹார்ட் டிஸ்க்கில் இருப்பவர் எந்த எஸ்எஸ்டிக்கு மாறினாலும் பலன் பெரிது. சாட்டா எஸ்எஸ்டி வைத்திருப்பவர் 7,000-க்கு ஆசைப்பட்டுப் புது லேப்டாப் வாங்க வேண்டாம். 4கே வீடியோ எடிட் செய்கிறவர்களுக்கு மட்டும் அந்த வேகம் நிஜமாகவே உதவும்.

மற்றக் கேள்விகள்:

எஸ்எஸ்டி போட்டால் விண்டோஸ் 11 ஏறுமா? அது பிராசஸரையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் பொறுத்தது.

விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்றதால் மெஷினும் நின்றுவிடுமா? நிற்காது, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸ் பேக்அப்புக்கு ஒப்புக்கொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கூடுதல் கட்டணமின்றிக் கிடைக்கும் என்று அறிவித்தார்கள்.

ரேம் 4 ஜிபிதான், எதை முதலில் மாற்ற? ஹார்ட் டிஸ்க்கை, அடுத்த மாதம் ரேம்.

எஸ்எஸ்டியை டீஃப்ராக் செய்யணுமா? வேண்டாம்.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை என்ன செய்வது? யுஎஸ்பி கேஸ் ஒன்றில் போட்டு, கல்யாண வீடியோக்களின் இன்னொரு பிரதியை அதில் வையுங்கள். பெரிய பைலை வரிசையாகப் படிப்பது அதற்கு இன்றும் சுலபம்.