வெற்றிக்குக் காரணம் கையா, பந்தா?

சனிக்கிழமை மாலையில் பேரங்காடியின் மேல்மாடியில் இருக்கும் எந்த போலிங் நிலையத்துக்குப் போனாலும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். ஒருவர் உருட்டிய பந்து தடத்தின் ஓரம்வரை போய், இனி கால்வாயில்தான் விழும் என்று எல்லாரும் நினைக்கும் நேரத்தில் சட்டென்று உள்ளே திரும்பி, பத்துப் பின்களையும் சிதறடிக்கும். கைதட்டல் ஓய்வதற்குள் பக்கத்துத் தடத்து இளைஞர், பந்து திரும்பி வரும் இடத்தில் குனிந்து அதன்மேல் பொறித்திருக்கும் பெயரைப் படிப்பார். உருட்டியவரின் மணிக்கட்டை அவர் கவனித்திருக்க மாட்டார். ஒரு மாதம் கழித்து அதே பெயர் கொண்ட பந்து அவருடைய பையிலும் இருக்கும்.

ஒரு பந்தின் பெயர் ஊரெங்கும் பரவுவது பெரும்பாலும் இப்படித்தான். விளம்பரம் பிறகுதான் வருகிறது. ஸ்டோர்ம், ஹேமர், பிரன்சுவிக், ரோட்டோ கிரிப், மோட்டிவ் என்று ஆளுக்கொரு பெயரைச் சொல்லி வாதாடுவார்கள். பந்தே பெரிது என்பார்கள் ஒரு சாரார். கையே பெரிது என்பார்கள் மறுசாரார். பட்டிமன்றம்போல் ஒரு பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட முடியாத வழக்கு இது. ஏனென்றால் பந்து உண்மையிலேயே ஆட்டத்தை மாற்றிய காலங்கள் உண்டு. பெயர் மட்டும் விலைபோன காலங்களும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்களுக்குத்தான் பணம் வீணாகிறது. ஒரு நல்ல பந்தின் விலை பல நூறு ரிங்கிட். துளையிடும் கூலி, பை, காலணி எல்லாம் தனி. பள்ளி அணியில் ஆடும் பிள்ளை "அப்பா, அந்தப் பந்து இருந்தாத்தான்பா ஜெயிக்க முடியும்" என்று வந்து நிற்கும்போது, பெற்றோருக்கு இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வி அல்ல.

முதலில் தடத்தைப் பார்க்க வேண்டும். ஃபவுல் கோட்டிலிருந்து முதல் பின் நிற்கும் இடம் வரை 60 அடி. அதில் ஏறக்குறைய முதல் 40 அடிக்கு எண்ணெய் பூசியிருப்பார்கள். மிச்சம் காய்ந்த தரை. எண்ணெயின் மேல் பந்து வழுக்கிக்கொண்டு போகிறது. காய்ந்த இடத்தைத் தொட்டதும் தரையைப் பற்றுகிறது. அப்போதுதான், கையால் கொடுத்த சுழற்சி வேலை செய்து பந்து வளைகிறது. வலது கைக்காரருக்கு ஒன்றாம் பின்னுக்கும் மூன்றாம் பின்னுக்கும் இடையில் பந்து சாய்வாக நுழைய வேண்டும். அந்தச் சாய்வு ஏறக்குறைய 6 பாகை இருந்தால் ஸ்ட்ரைக் விழும் வாய்ப்பு மிக அதிகம். நேராக உருட்டினால் அந்தச் சாய்வு கிடைக்கவே கிடைக்காது. நிலையத்தில் இரவலாகத் தரும் பந்து கடினமான பிளாஸ்டிக். அது எண்ணெயிலும் வழுக்கும், காய்ந்த இடத்திலும் வழுக்கும். ஆகவே 'பந்து முக்கியம்' என்பவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பொருளால் செய்த பந்து என்பது மிக முக்கியம். எந்தப் பெயர் என்பது வேறு சங்கதி.

பழைய காலத்தில் பந்துகளை மிகக் கடினமான ஒரு வகை மரத்தில் கடைந்தார்கள். 1905-இல் ரப்பர் பந்து வந்தது. பிறகு பிரன்சுவிக் நிறுவனம் 'மினரலைட்' என்ற ரப்பர் பந்தைச் செய்து, 1914-இல் ஒய்.எம்.சி.ஏ. சங்கங்களின் வழியாக ஒரு பந்தை உலகம் சுற்றி வரச் செய்து புகழ் தேடியது. நூறாண்டுகளுக்கு முந்தைய விளம்பர உத்தி! ரப்பர் என்றதும் இங்குள்ளவர்களுக்குத் தோட்ட நினைவு வராமல் இருக்காது. 1920-களில் உலகச் சந்தைக்குப் போன ரப்பரில் பெரும்பங்கு மலாயாவில் நம் மக்கள் சீவிய மரங்களிலிருந்து போனது. அதை அதிகமாக வாங்கிய நாடு அமெரிக்கா.

1960-களில் ரப்பருக்குப் போட்டியாகப் பிளாஸ்டிக் பந்து பரவியது. கதை சுவையாவது 1970-களில்தான். அமெரிக்காவின் கொலம்பியா 300 நிறுவனம் 'எல்லோ டாட்' என்று ஒரு பந்து விற்றது. எல்லாப் பந்தும் ஒரே பெயர், ஒரே விலை. ஆனால் சில பந்துகளில் மட்டும் அந்த மஞ்சள் புள்ளியின் சாயம் சுற்றிலும் கசிந்திருந்தது. பார்வைக்கு அது ஒரு குறை. ஆனால் அந்தப் பந்துகள் மற்றவற்றைவிட நன்றாக வளைவதைக் கண்டுகொண்டார்கள் ஆட்டக்காரர்கள். அந்தக் குறையுள்ள பந்தைக் கடை கடையாகத் தேடி வாங்க ஆரம்பித்தார்கள்.

காரணம், அவற்றின் மேல் ஓடு கொஞ்சம் மென்மையாக இருந்ததுதான். மென்மையான ஓடு தரையை நன்றாகப் பற்றும். இதைப் புரிந்துகொண்ட டான் மெக்கூன் என்ற அமெரிக்கத் தொழில்முறை வீரர், பிளாஸ்டிக் பந்தை ஒரு வகை ரசாயனக் கரைப்பானில் ஊறவைத்து ஓட்டை மென்மையாக்கினார். 1973-இல் மட்டும் 6 பட்டங்களை வென்று அந்த ஆண்டின் சிறந்த வீரர் ஆனார். ரகசியம் வெளியே கசிந்ததும் ஆளாளுக்குப் பந்தை ஊறவைத்தார்கள். தீப்பற்றக்கூடிய திரவம் அது. வாளியில் ஊற்றி வீட்டில் வைத்துக்கொண்டு விளையாடியது வினை தேடும் வேலைதான். பிறகு ஓடு இவ்வளவு கடினமாவது இருக்க வேண்டும் என்று விதி வந்தது. ஒரு கருவியின் ஊசியைப் பந்தின்மேல் அழுத்திப் பார்த்தால் குறைந்தது 72 காட்ட வேண்டும் என்பது அமெரிக்கச் சங்கம் அப்போது வகுத்த அளவு.

அடுத்தது பாய்ச்சல். 1980-களின் தொடக்கத்தில் ஏ.எம்.எஃப். நிறுவனத்தின் 'ஆங்கிள்' பந்து யூரித்தேன் ஓட்டோடு வந்தது. 1990-களின் தொடக்கத்தில் 'ரியாக்டிவ் ரெசின்' வந்தது. யூரித்தேனில் வேறு பொருள்களைக் கலந்து செய்யும் இந்த ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். தடத்து எண்ணெயை அவை உறிஞ்சிவிடும். காய்ந்த இடத்துக்கு வந்ததும் பந்து வெடுக்கென்று திரும்பும். முதலில் அதைக் கையில் எடுத்தவர்களுக்கு மற்றவர்கள் ஈடுகொடுக்க முடியவில்லை. அந்தச் சில ஆண்டுகள் 'பந்துதான் ஜெயித்தது' என்று சொன்னால் தப்பில்லை.

இன்று அப்படிச் சொல்ல முடியாது. எல்லா நிறுவனமும் ரியாக்டிவ் செய்கிறது. உள்ளே வைக்கும் கருவின் வடிவம், ஓட்டின் கலவை இவற்றில் வேறுபாடு உண்டு. ஆனால் அனைத்தும் ஒரே விதிமுறை அளவுகளுக்குள் அடங்கியவை. எடை 16 ராத்தலைத் தாண்டக்கூடாது. கருவின் சமநிலை வேறுபாட்டுக்கும் உச்ச அளவு உண்டு. இதைவிட வேடிக்கை ஒன்று இருக்கிறது. ஹேமர் ரசிகரும் டிராக் ரசிகரும் எபோனைட் ரசிகரும் கொலம்பியா ரசிகரும் ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொள்வார்கள். 2019 நவம்பரில் இந்த நான்கு பெயர்களையும் பிரன்சுவிக் போலிங் நிறுவனம் மொத்தமாக வாங்கிவிட்டது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் இருந்த பழைய ஆலையை மூடி, உற்பத்தி மெக்சிகோவுக்குப் போனது. அந்தப் பக்கம் ரோட்டோ கிரிப், 900 குளோபல் இரண்டும் ஸ்டோர்ம் நிறுவனத்தின் கைக்குள். சண்டை போடுகிறவர்களின் பந்துகள் பல நேரம் ஒரே முதலாளியின் பிள்ளைகள்.

அப்படியிருந்தும் ஒரு பெயர் ஏன் மேலே வருகிறது?

ஸ்டோர்மின் கதையே ஒரு பாடம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பந்தைத் துடைக்கும் திரவம் விற்பதில் தொடங்கிய தொழில் அது. பந்து செய்ய வந்தபோது பெரிய நிறுவனங்கள் பல ஏற்கெனவே களத்தில் இருந்தன. அதன் பந்துகளுக்கு ஒரு தனி அடையாளம், வாசனை. இலவங்கப்பட்டை, பழம், இனிப்பு என்று ஒவ்வொரு பந்தும் ஒவ்வொரு மணம் வீசும். மணத்தால் ஒரு பின்கூட விழாது. ஆனால் பந்தைக் கையில் எடுத்தவர் முகர்ந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டுவார். அவர் இன்னொருவரிடம் நீட்டுவார். இதைவிட மலிவான விளம்பரம் வேறு உண்டா?

அதோடு ஆள் பலம். இரண்டு கையாலும் உருட்டும் ஆஸ்திரேலியர் ஜேசன் பெல்மாண்டி, கட்டைவிரலைத் துளையில் விடாமலே பந்தைப் பம்பரமாகச் சுழற்றுவார். அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றில் 15 பெரும் பட்டங்களை வென்றவர். அவர் கையில் இருப்பது ஸ்டோர்ம். ஆண்டின் சிறந்த வீரர் விருதை ஒருமுறைக்கு மேல் வாங்கிய இ.ஜே. டாக்கெட்டின் கையில் இருப்பது மிச்சிகனைச் சேர்ந்த சின்ன நிறுவனமான மோட்டிவ். வீரர் ஜெயிக்க ஜெயிக்கப் பெயரும் ஏறுகிறது. அந்த வீரர்கள் அந்தப் பந்தை உருட்டுவது ஒப்பந்தப்படி. கடையில் அலசிப் பார்த்துக் காசு கொடுத்து வாங்கியதல்ல. தவிர, அவர்களுக்கு ஒரு பந்து இல்லை. ஒரு போட்டிக்கு ஆறு எட்டுப் பந்துகளோடு போவார்கள். எண்ணெய் எப்படி இருக்கிறதோ அதற்குத் தக்கபடி எடுப்பார்கள். தொலைக்காட்சியில் தெரிவது அதில் கடைசியாக எடுத்த ஒன்று.

நம் பக்கத்திலும் உலக மேடை ஏறியவர்களுக்குக் குறைவில்லை. மலேசியாவின் ஷாலின் சுல்கிஃப்லி அவர்களில் ஒருவர். சிங்கப்பூரின் ரெமி ஓங் 2002 பூசான் ஆசிய விளையாட்டில் 3 தங்கம் வாங்கினார். ஆண்டுக்கணக்கான பயிற்சியின் பலன் அது. அவர்கள் ஆடிய தடத்தின் எண்ணெய் போட்டிக்கென்று கடினமாகப் பூசப்பட்டது. பேரங்காடி நிலையத்தில் சனிக்கிழமை பூசும் எண்ணெய், வந்தவர்கள் சந்தோஷமாகப் போக வேண்டும் என்பதற்காக. அங்கே தேவைப்படும் பந்து இங்கே ஓவராக வளைந்து ஒன்றாம் பின்னைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடும். விலை அதிகமான பந்து என்றால் வளைவு அதிகம் என்று அர்த்தமே தவிர, மதிப்பெண் அதிகம் என்று அர்த்தமில்லை.

நடுவில் இன்னொருவர் இருக்கிறார். புரோ ஷாப்காரர். விரல் அளவெடுத்து, கைக்குத் தக்கபடி துளையிட்டுத் தருபவர் அவர். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தை மறுபேச்சில்லாமல் வாங்குவதைப் போலத்தான் பலரும் அவர் சொன்ன பந்தை வாங்குகிறார்கள். அவர் சொல்வது எது? பெரும்பாலும் அவர் கடையில் சரக்கு இருப்பது, விநியோகிப்பாளர் நேரத்துக்கு அனுப்புவது, வெடித்தால் தகராறில்லாமல் மாற்றித் தருவது. இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. உதிரிச் சாமான் கிடைக்கும் காரைத்தானே எல்லாரும் வாங்குகிறார்கள்? ஆனால் ஓர் ஊர் முழுக்க ஒரே பெயர் ஆடுவதற்குப் பந்தின் குணம் மட்டும் காரணமல்ல என்பது தெரிந்திருந்தால் நல்லது.

புகழ் பெற்ற பந்தை வாங்கியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டதும் உண்டு. 2016-இல் மோட்டிவ் நிறுவனத்தின் 'ஜாக்கல்' பந்து எல்லாரும் தேடிய பந்தாக இருந்தது. அதன் கரு விதிமுறை அளவைத் தாண்டியிருக்கிறது என்று அமெரிக்க போலிங் சங்கம் அந்த ஆண்டு அனுமதியை ரத்து செய்தது. ஹேமரின் 'பர்ப்பிள் ஹேமர்' கதை பழைய மஞ்சள் புள்ளிக் கதையின் மறுபிறவி. அது பழைய யூரித்தேன் வகை. வேகமாகச் சுழற்றுகிறவர்களின் கையில் அளவோடு, ஒரே சீராக வளையும். அதனால் திரும்பவும் மவுசு வந்தது. அதிலும் 2016, 2017-இல் செய்த பந்துகளுக்குத் தனி கிராக்கி. சோதித்துப் பார்த்தபோது அந்த ஆண்டுப் பந்துகளில் சில கடினத்தின் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இருந்தது தெரிந்தது. 2022-இல் அமெரிக்கச் சங்கம் தன் தேசியப் போட்டிகளில் அவற்றைத் தடை செய்தது. அதே ஆண்டு ஸ்டோர்மின் 'ஸ்பெக்டர்' பந்தின் அனுமதியும் கடினக் குறைவால் ரத்தானது. ஆட்டக்காரர்களின் கண் பொய் சொல்லவில்லை. அந்தப் பந்துகள் வித்தியாசமாகத்தான் உருண்டன. அந்த வித்தியாசம் விதிக்கு வெளியே இருந்தது, அவ்வளவுதான்.

சரி, பெயரை விட்டுவிட்டால் எதைப் பார்ப்பது? 2000-களில் அமெரிக்கச் சங்கம் பந்துகளின் ஓட்டத்தை அளந்து ஒரு பெரிய ஆய்வு நடத்தியது. பந்தின் போக்கை அதிகம் தீர்மானிப்பது மேற்பரப்பின் சொரசொரப்பு என்று அதில் தெரிந்தது. கருவின் வடிவம் அதற்குப் பிறகுதான். சொரசொரப்பு எண்ணெயில் பிடிப்புத் தரும். பளபளப்பு வழுக்கிப் போகச் செய்யும். அந்தச் சொரசொரப்பு ஆலையில் பிறக்கிறது, ஆனால் அங்கேயே நிற்பதில்லை. சில டஜன் ஆட்டங்களில் தேய்ந்து மாறிவிடும். புரோ ஷாப்பில் ஒரு தேய்ப்பு அட்டையை வைத்துச் சில நிமிடம் தேய்த்தால் திரும்பவும் வரும். நுண்துளையில் எண்ணெய் நிரம்பிய பந்து 'செத்துப்போனதாக' மூலையில் கிடக்கும். எண்ணெயை முறைப்படி வெளியேற்றினால் அதற்கும் பெரும்பாலும் உயிர் வரும். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் துணியால் துடைக்கும் பழக்கம் இருந்தால் அந்த நிலைக்குப் போவதே தள்ளிப்போகும்.

வசதி குறைந்த குடும்பங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. மூத்த ஆட்டக்காரர்கள் ஆறு மாதத்துக்கொரு புதுப் பெயருக்கு மாறும்போது பழையதைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அதன் துளைகளைப் பிசினால் அடைத்து, பிள்ளையின் விரலுக்குப் புதிதாகத் துளையிடலாம். எடை மட்டும் பிள்ளையின் உடலுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். வாங்கிய பிறகு பெயர் தெரியாத ஒரு கடினப் பிளாஸ்டிக் பந்தையும் பையில் வைத்துக்கொள்வது நல்லது. மூலையில் ஒற்றையாக நிற்கும் பத்தாம் பின்னை விழுத்த வளையாத பந்துதான் வேண்டும். தொலைக்காட்சியில் பெரிய வீரர்கள் ஸ்பேருக்கு எடுப்பதும் அந்த வகைதான். அதன் பெயரை மட்டும் யாரும் குனிந்து படிப்பதில்லை.